பலாப்பழத்தைச் சுற்றி ஓடிய வரிகள்: ஸ்கிரைபஸ் 1.6

எங்கள் வாசகர் வட்டம் வருஷத்துக்கு ஒரு மலர் போடுகிறது. 48 பக்கம், 300 பிரதி. பக்கம் கட்டுவது என் பொறுப்பு. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்கவடிவமைப்பு மென்பொருளில் பழகிய கை என்னுடையது. இந்த முறை மலர் முழுவதையும் ஸ்கிரைபஸ் என்ற பக்கவடிவமைப்பு மென்பொருளில் கட்டினேன். காசு கிடையாது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடுகிறது.

முன்பு இதைத் தொடாததற்குக் காரணம் தமிழ்தான். 1.4 பதிப்பில் யூனிகோட் தமிழைப் போட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 1.5 வரிசையில், எழுத்துகளை முறைப்படி சேர்த்து அமைக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் சேர்ந்த பிறகு அது சரியானது. 2024 ஜனவரியில் வந்த 1.6-ல் நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர் என்ற இரண்டு எழுத்துருக்களையும் போட்டுப் பார்த்தேன். 'கொ', 'ணை' எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன. அதைப் பார்த்ததும் வந்த நிம்மதி பெரிது.

பண்ருட்டிப் பலா பற்றி ஒரு கட்டுரை. பத்தாம் வகுப்புப் பெண் வரைந்த பழம், காம்போடு சாய்ந்து கிடக்கிறது. அதைப் பெட்டிக்குள் அடைக்க எனக்கு மனம் வரவில்லை; வரிகள் பழத்தின் வயிற்றை ஒட்டியே வளைய வேண்டும். படத்தைத் தேர்ந்தெடுத்து, 'டெக்ஸ்ட் ஃப்ளோ' பகுதியில் 'யூஸ் காண்டூர் லைன்' கொடுத்தேன். எழுத்து அசையவே இல்லை. படச்சட்டம் எழுத்துச் சட்டத்துக்குக் கீழே இருந்தால் அப்படித்தான். மேலே தூக்கியதும் வரிகள் விலகி வழிவிட்டன.

சட்டத்தின் வடிவத்தை மட்டும் வைத்து ஓடவிட்டால் எழுத்து படத்தின் விளிம்பில் இடிக்கும். காண்டூர் கோடு, அதாவது எழுத்து எதை ஒட்டி விலக வேண்டும் என்று காட்டும் எல்லைக்கோடு, தனி. அதன் புள்ளிகளைப் படத்தைத் தொடாமலே நகர்த்தலாம். காம்புப் பக்கம் கொஞ்சம் தள்ளி, வயிற்றுப் பக்கம் நெருக்கி, அரை மணி நேரம் உட்கார்ந்து இழுத்தேன். வேலை பொறுமையைக் கேட்கும், ஆனால் பலன் கண்ணுக்குத் தெரிகிறது.

இங்கே தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 'கொண்டுவந்திருக்கிறார்கள்' என்ற ஒரு சொல் போதும், குறுகிய வரி வாயைப் பிளந்துவிடும். பழத்துக்கு இரண்டு பக்கமும் எழுத்தை ஓடவிட்டபோது சொற்களுக்கு நடுவே ஓடையே ஓடியது. படத்தை இரண்டு செங்குத்துப் பத்திகளுக்கு நடுவில் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் 5 செ.மீ.யாவது மிஞ்சும்படி பார்த்துக்கொண்டேன். மிஞ்சாத இடத்தில் வரியை இருபுறமும் சமமாக நிரப்புவதை எடுத்துவிட்டு இடப்பக்கம் மட்டும் சேர்த்தேன். படிக்கிறவருக்கு அதுவே இதம்.

அப்புறம் சிறுவர் பக்கம். 'கூடு திரும்பும் குருவிகள்' என்ற தலைப்பைக் குருவி பறந்த தடம் மாதிரி ஏறி இறங்கும் கோட்டில் வைத்தேன். புள்ளிகளை இழுத்து வளைக்கக்கூடிய பெசியர் கோடு ஒன்று வரைந்து, எழுத்துச் சட்டத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, 'ஐட்டம்' மெனுவில் 'அட்டாச் டெக்ஸ்ட் டு பாத்'. அவ்வளவுதான். மேட்டில் எழுத்துகளின் தலை விரியும், கால் நெருங்கும். 'கூ', 'டு' போலக் கீழே வால் உள்ள எழுத்துகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. வளைவைத் தாழ்த்தி, எழுத்திடைவெளியைக் கொஞ்சம் கூட்டியதும் பிரிந்தன. தமிழ்த் தலைப்புக்கு மென்மையான வளைவே போதும். 'ஸ்டெயர் ஸ்டெப்' என்று ஒரு வகை இருக்கிறது. எழுத்துகள் சாயாமல் படிப்படியாக ஏறும். குழந்தைகளுக்கு அதையே வைத்துக்கொண்டேன்.

வட்ட வடிவ முத்திரையைச் சுற்றி எழுத்தை ஏற்ற மட்டும் ஒரு படி கூடுதல்: வட்டத்தை முதலில் பெசியர் கோடாக மாற்ற வேண்டும். எழுத்து எங்கே தொடங்க வேண்டும் என்பதை 'ஸ்டார்ட் ஆஃப்செட்' தீர்மானிக்கும். ஏற்றிய பிறகு எழுத்தைத் திருத்த ஸ்டோரி எடிட்டரைத் திறங்கள்.

அச்சகத்தில் பேஜ்மேக்கர் ஃபைல் கேட்டார்கள். அதை ஸ்கிரைபஸ் தராது. எழுத்துருக்களை உள்ளே பதித்த பிடிஎஃப் கொடுத்தேன், பிளேட் போட அது போதுமாக இருந்தது. மலர் வந்த அன்று அந்தப் பெண் பலாப்பழப் பக்கத்தைத் திறந்து, வரிகள் வளைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.