கேன்வாஸ் சுவர் வைத்த கேரவன்: நான்கு வருட அனுபவம்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குப் பக்கத்து டோங்காட்டில் இருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். எங்களுடையதைப் போலவே ஒரு பாப்-டாப் கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற, கூரையைத் தூக்கித் திறக்கிற தங்கும் வண்டி) விலை குறைந்து வந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று கேட்டார். அன்று காலையில்தான் எங்கள் வண்டியின் கேன்வாஸைத் தைத்து வாங்கி வந்திருந்தேன், இரண்டாம் முறையாக. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதையும் சேர்த்தே படியுங்கள்.

படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ் பற்றி எழுதப் போவதில்லை. எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும்: மொத்த எடை 750 கிலோவைத் தாண்டும் வண்டியைச் இங்கே சாதாரண கார் ஓட்டுகிற பி லைசென்ஸில் இழுக்க முடியாது, கனமான வண்டியை இழுப்பதற்கான ஈபி லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். மற்றபடி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அந்தக் கேன்வாஸைப் பற்றித்தான். கூரையைத் தூக்கினால் சுற்றிலும் ஒரு முழம் உயரத்துக்கு எழும்புகிற துணிச் சுவர்.

2021 கடைசியில் வாங்கினோம். முதல் பயணம் டர்பனுக்கு வடக்கே கழிமுகத்தை ஒட்டிய செயின்ட் லூசியா ஊர். கழிமுகத்தில் பகலெல்லாம் ஊறிக் கிடக்கும் நீர்யானைகள் இருட்டியதும் கரையேறி மேயப் போகும், ஊர்த் தெருக்களிலும் நடக்கும் என்று எச்சரிக்கைப் பலகையிலேயே போட்டிருக்கிறார்கள். ராத்திரி இரண்டு மணி இருக்கும், துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். கிழியும், நிற்கும், மெல்லுகிற சத்தம் வரும், மறுபடி கிழியும். மகள் கண்ணைத் திறக்காமலே, "அப்பா, மாடா?" என்றாள். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நீர்யானை புல்லைப் பல்லால் கடிப்பதில்லை, அகலமான உதட்டால் பற்றிப் பிடுங்குகிறது. அதன் மூச்சுச் சத்தத்தோடு சேறும் பச்சைப் புல்லும் கலந்த வாடை துணி வழியாக உள்ளே வந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவே நாலைந்து அடிதான் இருந்திருக்கும். விடியும்வரை நான் தூங்கவில்லை. தூங்கவும் மனம் வரவில்லை.

கெட்டிச் சுவர் வைத்த வண்டியில் இது கிடைத்திருக்காது. க்ரூகர் தேசியப் பூங்காவின் லோயர் சபி முகாமிலும் இப்படித்தான். வேலிக்கு அப்பால் கழுதைப்புலியின் குரல் அடியில் தொடங்கி மேலே ஏறும். தலைக்கு மேல் மரத்தில் ஒரு குட்டி ஆந்தை சில நொடிக்கு ஒரு தடவை 'ப்ரூப்' என்று கூப்பிடும். படுத்தபடியே எது எந்தத் திசையில் என்று மகள் சொல்லிவிடுவாள். அதை அவளுக்குப் பழக்கியது இந்தத் துணிதான்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

ஸ்காட்பர்க் கடற்கரையில் ஒரு டிசம்பர். பகல் முழுக்க வடகிழக்குக் காற்று, வெக்கை தாங்கவில்லை. சாயங்காலம் காற்று சட்டென்று நின்றது. நம் கரையில் இருக்கிறவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும், அடுத்து தென்மேற்கு வரும். வந்தது. கால் மணி நேரத்தில் ஸ்வெட்டர் தேட வைத்த குளிர், பக்கவாட்டில் அடிக்கும் மழை. கேன்வாஸ் படபடவென்று அறைந்தது, தையல் ஓரமாகத் தண்ணீர் கசிந்தது. நனைந்த கேன்வாஸை உள்ளிருந்து தொடக் கூடாது, தொட்ட இடத்தில் ஒழுக ஆரம்பிக்கும். தூக்கத்தில் மகளின் கை அதில் பட்டு, தலையணை முழுக்க ஈரம். கடைசியில் கூரையை இறக்கிவிட்டு மூன்று பேரும் தரையில் படுத்தோம்.

அப்புறம் டிராகன்ஸ்பர்க் மலை. அங்கே ராயல் நேட்டால் பூங்காவின் மஹாய் முகாமில் கோடை மதியங்களில் இடியும் ஆலங்கட்டியும் வழக்கம். கேன்வாஸ் ஆலங்கட்டியைத் தாங்கியது, அதை மறுக்க மாட்டேன். கொசுவலை வழியாக ரொட்டி வாசம் பிடித்து வந்த பபூனைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. ஒரே இழுப்பில் ஒரு சாண் கிழிசல். சாப்பாட்டை ஜன்னல் பக்கம் வைத்தது எங்கள் தப்பு, அதற்கு வண்டியைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஈரத்தோடு மடிப்பதற்கு என்ன செய்வது? மழையில் முகாமைக் கலைத்தால் நனைந்த துணியை அப்படியே அமுக்கித்தான் கூரையை மூட வேண்டும். வீட்டுக்கு வந்த கையோடு திறந்து காய வைக்க வேண்டும், இரண்டு நாள் விட்டால் பூஞ்சை. 2022 ஏப்ரலில் அப்படி ஈரமாக வந்து சேர்ந்த மறுநாள்தான் டர்பன் பக்கம் பெருவெள்ளம் தொடங்கியது. எத்தனையோ பேர் வீடும் உயிரும் இழந்த நாட்கள் அவை, கேரவனை யார் நினைப்பார்கள்? திறந்து பார்த்தபோது மூலையெல்லாம் மிளகு தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். சோப்புத் தூள் போட்டால் நீர்காப்புப் பூச்சு போய்விடும் என்பதால் மென்மையான பிரஷும் வெறும் தண்ணீரும் வைத்துத் தேய்த்தேன். வாடை போனது, கறை இன்னும் இருக்கிறது.

இந்த முறை ஓரத் தையல் விட்டுப்போயிருந்தது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கேன்வாஸ் தைக்கிற அங்கிள் தைத்துக் கொடுத்தபோது சொன்னார்: "நூல் தண்ணி குடிச்சு உப்பினாத்தான் ஊசி ஓட்டை அடையும், தம்பி. பயணத்துக்கு முன்னாடி மூணு தடவை நனை, மூணு தடவை நல்லா காய விடு." புதுக் கேன்வாஸுக்கும் இதே முறைதான். வண்டியை விற்ற கடையில் இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஸ்காட்பர்க் ராத்திரி வேறு மாதிரி இருந்திருக்கும். அது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம். வண்டியை முழுசாகத் திறந்து காய வைக்க அவர் வீட்டில் கூரை போட்ட இடம் கிடையாது, டர்பன் பக்கத்துக் கோடை மழை யாருக்காகவும் காத்திருக்காது. விலை குறைந்ததற்காக இந்தத் துணியோடு மல்லுக்கட்ட வேண்டாம். கெட்டிச் சுவர் வண்டியாகப் பாருங்கள்.

எங்களுடையதை விற்கப் போகிறேனா என்றும் கேட்டார். இல்லை. ஜூலையில் லோயர் சபிக்கு ஐந்து ராத்திரி பதிவு செய்தாகிவிட்டது. இன்று இரண்டாவது நனைப்பு, கூரையைத் தூக்கி முற்றத்தில் நிறுத்தியிருக்கிறேன். சனிக்கிழமை வந்தால் முடிவு செய்வதற்கு முன் அந்தத் தையலை அவரே தொட்டுப் பார்க்கலாம், அதற்குள் காய்ந்திருக்கும்.