பெல்ட் டெஸ்டுக்கு முன் ஒகேனக்கல் எண்ணெய் மசாஜ்: கால்வலிக்கு எவ்வளவு உதவும்?

தர்மபுரி வட்டாரத்தில் கால் கட்டிப்போனவர்களுக்கு யாராவது ஒருவர் சொல்லிவிடும் யோசனை, "ஒகேனக்கல் போய் எண்ணெய் மசாஜ் போட்டுட்டு அருவியில நில்லு" என்பதுதான். அடுத்த பெல்ட்டுக்குத் தயாராகும் கராத்தே மாணவர்களும் இதை நம்பிப் போகிறார்கள். மசாஜ் நல்லதுதான். ஆனால் போகும் நாள் தவறினாலோ, கண்ட இடத்தில் ஓங்கி அழுத்தவிட்டாலோ டெஸ்ட் அன்று கால் இன்னும் மோசமாக இருக்கும். பொதுவாக ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். சரியான நாளில், சரியாகக் கேட்டு வாங்கினால் நாலரை.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். டெஸ்டுக்கு முந்தைய வாரங்களில் மாஸ்டர் தாச்சியை, அதாவது நிற்கும் நிலையை, தாழ்த்தச் சொல்வார். முன்காலை மடக்கி நிற்கும் ஜென்குட்சு தாச்சியில் ஏறக்குறைய 60 சதவீத எடை முன்காலில் இறங்குகிறது. பின்காலை மடக்கி நிற்கும் கொகுட்சுவில் 70 சதவீதம் பின்காலில். குதிரைமேல் உட்கார்ந்ததுபோல் நிற்கும் கிபா தாச்சியில் இரண்டு காலும் சமமாகத் தாங்கினாலும் முன்தொடையும் உள்தொடையும் ஓய்வே இல்லாமல் இறுகி நிற்கும். ஷோட்டோகான் என்ற கராத்தே பிரிவில் பிரவுன் பெல்ட்டை ஒட்டி வரும் டெக்கி ஷோடான் கட்டா (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு) முழுக்க கிபா தாச்சியிலேயே நகர்வதால், அதைப் பழகுகிறவர்களுக்கு உள்தொடை வலி அதிகம். தசை நீண்டபடியே எடையைத் தாங்கும்போது, அதாவது தாழ்ந்து இறங்கும்போதும் உதைத்த காலைக் கட்டுப்படுத்தித் தரையில் வைக்கும்போதும், நார்களில் நுண்ணிய சிதைவு ஏற்படுகிறது. அதனால்தான் வலி அன்றைக்கே தெரியாமல் மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகிறது. லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலி என்று பலரும் சொல்வது சரியல்ல; அது பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். ஆகவே "அமிலத்தைப் பிழிஞ்சு எடுத்துடலாம்" என்று யாராவது பலமாக அழுத்த வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மசாஜ் செய்வது வலி உணர்வைக் குறைப்பதும், இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துவதும்தான். விளையாட்டு வீரர்களிடம் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்கள். உதையின் வேகத்தையோ தொடையின் பலத்தையோ அது கூட்டித் தராது. வலி குறைந்துவிட்டது என்பதற்காக அன்று மாலையே முழுத் தாழ்வில் பயிற்சி எடுத்தால், ஆறாத தசை மேல் மீண்டும் சுமை ஏறும்.

இனி ஒகேனக்கல் முறை. இங்கே மசாஜ் செய்பவர்கள் கை தேர்ந்தவர்கள். பாறையிலோ தரையிலோ படுக்கவைத்து, நிறைய எண்ணெய் விட்டு, உடம்பு முழுக்கத் தேய்த்து, தட்டி, குத்திவிடுவார்கள். அந்தத் தட்டலும் குத்தலும் சோர்ந்த முதுகுக்குச் சுகம். இரண்டாம் நாள் வலியில் இருக்கும் தொடைக்கு அது கூடாது. உட்காரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்: எண்ணெயோடு சேர்த்து எவ்வளவு, எத்தனை நிமிடம், கால் மட்டுமா உடம்பு முழுக்கவா. பிறகு, "அண்ணே, தலை, முதுகு வேண்டாம், காலுக்கு மட்டும் மெதுவா இருபது நிமிஷம் தேய்ச்சு விடுங்க, தட்ட வேண்டாம்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். கணுக்காலில் தொடங்கி இடுப்பை நோக்கி, உள்ளங்கை முழுதும் பதிய, நீளமாகத் தேய்ப்பது போதும். பத்துக்கு நாலைந்து அளவு அழுத்தம். மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தால் அது அதிகம்.

தொடக்கூடாத இடங்கள் சில உண்டு. முழங்காலின் பின்குழி, குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண், கெண்டைக்காலுக்கு முன்பக்க எலும்பு ஆகியவற்றில் அழுத்தம் வேண்டாம். குமிதேயில் (எதிராளியோடு மோதும் பயிற்சியில்) மவாஷி கெரி (சுழற்றி விடும் உதை) வாங்கித் தொடையில் ரத்தம் கட்டியிருந்தால் அந்த இடத்தைக் கண்டிப்பாகத் தேய்க்கவிடாதீர்கள். புதிய ரத்தக்கட்டை அழுத்தித் தேய்த்தால் உள்ளே ரத்தக்கசிவு கூடி, சில சமயம் தசைக்குள் எலும்புபோல் கட்டியாகிவிடும். முடிவில் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்க வந்தால் மறுத்துவிடுங்கள். கால்வலிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை, கழுத்து ரத்தக்குழாய்க்கு ஆபத்து மட்டும் உண்டு.

அருவி சுகமானது. ஆனால் குளிர்நீர் வைத்தியம் என்று சொல்லப்படுவது 10 முதல் 15 டிகிரி நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் காலை அமிழ்த்துவது. காவிரி நீர் அவ்வளவு குளிராது, அதனால் மருந்தாக எண்ணிப் போக வேண்டாம். காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை வந்துவிடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கிளம்பும் முன் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள் கணக்குதான் எல்லாவற்றிலும் முக்கியம். டெஸ்ட் ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைசிக் கடினப் பயிற்சி புதன் மாலைக்குள் முடிய வேண்டும். மசாஜ் வியாழன் அல்லது வெள்ளி. சனிக்கிழமை போகாதீர்கள், பலமான கைபட்டால் அந்த நோவே ஒருநாள், ஒன்றரை நாள் இருக்கும். சனியன்று கட்டாவை மட்டும் பாதி வேகத்தில் மூன்று முறை செய்துவிட்டு நிறுத்துங்கள். தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தபடி வந்தால் கால் மறுபடி இறுகும். பென்னாகரத்தில் பஸ் நின்றால் இறங்கி இரண்டு நிமிடம் நடப்பது நல்லது.

வலியோடு பயிற்சி எடுக்கும் நாட்களில் பத்து நிமிடம் நடை, கணுக்கால் சுழற்றல், காலை முன்னும் பின்னும் வீசுதல், அரை உட்கார் பத்து என்று சூடேற்றிவிட்டுப் பாருங்கள். வலி குறைந்தால் தொடரலாம். கூடினாலோ, நடை நொண்டினாலோ அன்றைக்குக் கைப்பயிற்சி போதும். கட்டாவை முதலில் உயரமான நிலையில் இரண்டு முறை, கடைசியாக ஒரே ஒருமுறை முழுத் தாழ்வில். மே கெரி (நேராக முன்னே விடும் உதை) ஒரு காலுக்கு முப்பது என்றிருந்தால் பத்தாகக் குறைத்து, வயிற்று உயரத்தோடு நிறுத்துங்கள். வலிக்கும் காலில் ஜென்குட்சு போட்டால் முன்முழங்கால் உள்ளே சாயும், பின்குதிகால் தரையைவிட்டு எழும்பும், நகரும்போது தலை ஏறி இறங்கும். டெஸ்டில் மதிப்பெண் போவது இந்த மூன்றில்தான். வலியோடு அப்படியே நூறு முறை பழகினால் தவறு உடம்பில் ஊறிவிடும். எனவே குறைவாக, சரியாகச் செய்வதே மேல்.

சிலர் ஒகேனக்கல் பக்கமே போகக்கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், மசாஜ் ஆபத்து. கடும் பயிற்சிக்குப் பின் தொடை வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் தசை உடைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலையாக இருக்கலாம். தாமதிக்காமல் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு முண்டில் வலி இருந்தால், அது வளரும் எலும்பின் தொந்தரவாக இருக்கும். அங்கே தேய்க்கக்கூடாது, குதிப்பதையும் தாழ்ந்த தாச்சியையும் சில வாரம் குறைக்கச் சொல்லி மாஸ்டரிடம் பேசுவது பெற்றோர் பொறுப்பு.

போகும்போது பழைய டவுசரும் துண்டும் எடுத்துச் செல்லுங்கள். வெள்ளைச் சீருடையில் நல்லெண்ணெய் பட்டால் கறை எளிதில் போகாது. குளித்தபின் பாதத்தையும் விரலிடுக்கையும் சீயக்காயோ சோப்போ போட்டு இரண்டுமுறை கழுவுங்கள். ஈரப்பாறையில் எண்ணெய்ப் பாதம் வழுக்கும். அடுத்த வகுப்பில் பாய் மேல் மவாஷி கெரி சுழலும்போது ஊன்றிய காலும் வழுக்கும்.