நெடுந்தூர டார்ச்சுக்கு எந்த எல்.இ.டி.? என் வாக்கு சிறிய சில்லுக்கே

தொலைதூரம் ஒளி பாய்ச்சும் டார்ச் ஒன்றைச் சொந்தமாகக் கட்டி முடித்திருக்கிறேன். உடல், ரிஃப்ளெக்டர், பேட்டரி எல்லாம் ஒரே வாரத்தில் முடிவாகிவிட்டன. எல்.இ.டி.யைத் தேர்ந்தெடுக்கத்தான் இரண்டு மாதம் பிடித்தது. கடைசி வரை களத்தில் நின்றவை இரண்டு: ஓஸ்ராமின் 1 சதுர மில்லிமீட்டர் தட்டைச் சில்லு, லூமினஸ் எஸ்.பி.டி. 90.2 என்னும் 9 சதுர மில்லிமீட்டர் சில்லு. நான் பொருத்தியது சிறியதை. இன்று மறுபடி கட்டினாலும் அதையேதான் பொருத்துவேன்.

மொத்த ஒளியை அளக்கும் லூமன் கணக்கைப் பார்த்தால் போட்டிக்கே இடமில்லை. பெரியது பல மடங்கு ஒளி தருகிறது. ஆனால் ஒளி எவ்வளவு தூரம் போகும் என்பதை லூமன் முடிவு செய்வதில்லை. சில்லின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் எவ்வளவு அடர்த்தியாக ஒளிர்கிறது, ரிஃப்ளெக்டர் வாயின் பரப்பு எவ்வளவு என்ற இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதே தூரத்துக்கான முதல். 50 மில்லிமீட்டர் வாய்க்குப் பரப்பு ஏறத்தாழ 1,960 சதுர மில்லிமீட்டர். சில்லின் ஒளிர்வைச் சதுர மில்லிமீட்டருக்கு 200 கேண்டெலா (ஒரு திசையில் பாயும் ஒளியின் செறிவை அளக்கும் அலகு) என்று வைத்து, இழப்புக்குக் கால் பங்கைக் கழித்தால் சுமார் 3 லட்சம் கேண்டெலா. டார்ச்களுக்கான எஃப்.எல். 1 தரநிலை, ஒரு பரப்பில் விழும் ஒளி 0.25 லக்ஸாகக் குறையும் இடத்தையே எல்லையாகக் கொள்கிறது. அந்தக் கணக்கில் இது 1,100 மீட்டர் அளவுக்கு வரும். 0.25 லக்ஸ் என்பது பௌர்ணமி நிலவொளி அளவுதான் என்பதால், கண்ணுக்கு உதவும் தூரமாக நான் பாதியையே எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கணக்கில் சில்லின் மொத்தப் பரப்பு எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒளிர்வில் இரண்டு சில்லுகளும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்பவை. ஆகவே ஒரே ரிஃப்ளெக்டரில் இரண்டும் எட்டும் தூரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை.

குமிழ் மூடிய பழைய எல்.இ.டி.களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குமிழ், சில்லைப் பெரிதாக்கிக் காட்டி அடர்த்தியைக் குறைத்துவிடும். அதைச் சீவி எடுத்துப் பயன்படுத்திய காலம் இருந்தது. இப்போது தட்டையாகவே கிடைக்கும்போது அந்த வேலை எதற்கு?

என் முடிவைத் தீர்மானித்தது வெப்பம்தான். எஸ்.பி.டி. 90.2 முழு வீச்சில் 20 ஆம்பியருக்கு மேல் கேட்கிறது. 3.5 வோல்ட் என்று கொண்டாலும் 70 வாட். அதில் ஒளியாக வெளியேறுவது போக மிச்சமெல்லாம் கைக்குள் இருக்கும் அலுமினியத்தில் இறங்குகிறது. நண்பர் ஒருவரிடம் இந்தச் சில்லு பொருத்திய டார்ச்சை வாங்கி ஓர் இரவு முழுவதும் வைத்திருந்தேன். முதல் நிமிடம் மலைக்க வைத்தது. மரத்தின் உச்சியும் அடியும் ஒன்றாகத் தெரிந்தன. மூன்றாவது நிமிடத்தில் கழுத்துப் பகுதியைத் தொட முடியவில்லை. எல்.இ.டி.க்கு மின்னோட்டத்தை அளந்து தரும் டிரைவர் சுற்று தானாகவே ஒளியைக் குறைத்தது. அதன்பின் கையில் இருந்தது பெரிய, கனமான, நடுத்தர டார்ச்.

சிறிய சில்லுக்கு நான் தருவது 4 ஆம்பியர். மொத்தம் 14 வாட் அளவுதான். கையில் பிடித்திருக்கும் உடல் காற்றுக்கும் உள்ளங்கைக்கும் கடத்திவிடக்கூடிய வெப்பம் அது. முதல் நிமிடத்தில் எட்டிய தூரத்தையே அரை மணி கழித்தும் எட்டுகிறது. 5,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட 21700 அளவு லித்தியம் செல் ஒன்றே ஒரு மணி நேரம் தாங்குகிறது. பெரிய சில்லுக்கு 20 ஆம்பியரைத் தளராமல் தரும் செல்லாகப் பார்த்து வாங்க வேண்டும். அதுவும் விரைவில் தீர்ந்துவிடும்.

பெரியதற்கும் நியாயம் செய்ய வேண்டும். கேண்டெலா பாதியாகக் குறைந்தாலும் தூரம் பாதியாகாது. 71 சதவீதம் மிஞ்சும். ஆகவே ஒளி குறைந்த பிறகும் அது ஒரேயடியாக வீழ்ந்துவிடுவதில்லை. ஆனாலும் அந்தத் தூரத்துக்காக ஐந்து மடங்கு மின்சாரத்தைச் சூடாக்கிச் சுமப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சிறிய சில்லு சும்மா வந்துவிடாது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் கட்டாயம். முழுதாகச் சார்ஜ் ஆன செல்லை நேரடியாக இணைத்தால் வெண்மை போய் நீலம் பாய்ந்து கருகிவிடும். சில்லின் அடிப்பகுதி நேரடியாகச் செம்பில் ஒட்டும் தகட்டையே பயன்படுத்துங்கள்.

அதைவிடப் பொறுமை கேட்பது குவியம். 1 மில்லிமீட்டர் அகலப் பொருள் அரை மில்லிமீட்டர் விலகினாலும் பாதி விலகியதாகத்தானே கணக்கு? முதன்முறை பொருத்தியபோது, ஐந்து மீட்டரில் இருந்த சுவரில் ஒளிவட்டத்தின் நடுவே கறுப்பு ஓட்டை விழுந்தது. சில்லைச் சுற்றியுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் வளையம் தடிமனாக இருந்ததே காரணம். கண்ணாடியின் மேல் 400 எண் உப்புத்தாளை விரித்து, வளையத்தை விரலால் அழுத்திப் பத்துப் பத்துச் சுற்றாகத் தேய்த்தேன். ஒவ்வொரு முறையும் விளக்கை அணைத்தபடியே மேசையில் நிறுத்தி, அறையின் மறுமூலையிலிருந்து நேராகப் பார்த்தேன். தொடக்கத்தில் ரிஃப்ளெக்டரின் நடுவில் மட்டும் தெரிந்த, சில்லின் மேல் பூசிய பாஸ்பரின் மஞ்சள், ஏழாவது முறை விளிம்புவரை நிறைந்து நின்றது. குவியம் அமைந்துவிட்டது என்பதற்கு அதைவிட நம்பகமான அடையாளத்தை நான் கண்டதில்லை.

ஒளிக்கற்றை ஒடுங்கியிருப்பதும் உண்மை. ரிஃப்ளெக்டருக்குப் பதில் லென்ஸை வைத்துக் கணக்கிட்டால் எளிதாகப் புரியும்: 40 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸில் 1 மில்லிமீட்டர் சில்லின் பிம்பம் 500 மீட்டரில் 12.5 மீட்டர் அகலம்தான். பெரிய சில்லின் பக்கம் 3 மில்லிமீட்டர். அது 37.5 மீட்டரை நிரப்பும். ஓடும் விலங்கையோ நகரும் படகையோ தேடுபவருக்கு அந்த அகலம் வேண்டும். அவருக்கு நான் பெரியதையே சொல்வேன்.

நீல லேசரால் பாஸ்பரை ஒளிரச் செய்யும் எல்.இ.பி. அடர்த்தியில் இவை எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. நான் அதை இரண்டு இரவுகள் மட்டுமே பிடித்திருக்கிறேன். நெடுநாள் உழைப்பைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கற்றை கோல்போல நீண்டு போனது. பக்கவாட்டில் காலடிப் பாதைகூடத் தெரியவில்லை. பழுதானால் முழுத் தொகுதியையே மாற்ற வேண்டும். என் டார்ச்சிலோ ஒரு சில்லையும் அதன் தகட்டையும் மாற்றினால் போதும்.

இரண்டுக்கும் நடுவே ஓஸ்ராமின் 2 சதுர மில்லிமீட்டர் சில்லும் இருக்கிறது. கற்றை கொஞ்சம் அகலம், குவியப் பிழையையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். முதல்முறை கட்டுபவர் அதிலிருந்தே தொடங்கலாம். 70 மில்லிமீட்டர் ரிஃப்ளெக்டர் ஒன்று மேசையில் காத்திருக்கிறது; அதில் அந்தச் சில்லைத்தான் உட்கார வைக்கப் போகிறேன்.