டியூனிங் பெட்டியைக் கழற்றவில்லை, இன்ஜினைத்தான் கழற்றச் சொன்னார்கள்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டர்போ பெட்ரோல் காரில் பவர் கூட்டும் பெட்டி மாட்டியிருக்கிறீர்கள், வண்டி மிஸ்ஸிங் (மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) அடிக்கிறது என்றால், ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில் என்று எதற்கும் காசு கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பெட்டியை முழுசாக விலக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பெட்டியை விற்று மாட்டிய அதே ஷாப் இந்த ஒரு சோதனையை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால், அங்கிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள். எனக்கு இது புரிய ஐந்து மாதம் ஆனது. அதற்குள் நான்கு காயில், எட்டு பிளக், ஒரு இன்ஜெக்டர் சர்வீஸ், கடைசியில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வரைக்கும் போய்விட்டது.

நான் மாட்டியது பிக்கிபேக் வகைப் பெட்டி. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவுக்குள் இருக்கும் புரோகிராமை அது தொடாது. சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவில் உட்கார்ந்து, சென்சார் சொல்வதை மாற்றிச் சொல்லும். டர்போ தரும் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார், 0 முதல் 5 வோல்ட்டுக்குள் ஒரு அளவை அனுப்பும். பெட்டி அதைக் குறைத்துக் காட்டும். அழுத்தம் போதவில்லை என்று நம்பி இசியு டர்போவை இன்னும் தள்ளும். இழுவை கூடுவது இப்படித்தான். சில பெட்டிகள், இன்ஜின் தண்டு சுழல்வதைச் சொல்லும் கிராங்க் சென்சாரின் சிக்னலையும் நடுவில் பிடித்து, கொஞ்சம் தாமதப்படுத்தி அனுப்பும். பூஸ்ட், அதாவது டர்போ அழுத்தம், கூடும்போது நாக்கிங் (பெட்ரோல் தப்பாக வெடித்து இன்ஜின் தட்டுவது) வராமலிருக்க ஸ்பார்க்கைப் பின்னுக்குத் தள்ளுவதற்காக அது. என்னுடைய பெட்டி இரண்டையும் செய்தது. மேப் சென்சாருக்குக் கப்ளர் இருந்தது, செருகினால் போதும். கிராங்க் சென்சாருக்கோ ஒரிஜினல் வயரை வெட்டி நடுவில் சேர்க்க வேண்டும். வெட்டப் போகிறோம் என்று மாட்டும்போது யாரும் என்னிடம் சொல்லவில்லை.

முதல் மூன்று வாரம் வண்டி பறந்தது. அதை மறைக்க மாட்டேன். அப்புறம் ஒரு மேட்டில், மூன்றாவது கியரில், 3500 ஆர்பிஎம் தாண்டும்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல ஒரு வெட்டு. ஆக்சிலேட்டரை விட்டால் சரியாகிவிடும். மிதித்தால் மறுபடி டக், டக் என்று வெட்டும். இரண்டாவது நாள் செக் இன்ஜின் லைட் எரிந்தது. மூன்றாவது நாள் மின்ன ஆரம்பித்தது.

ஷாப்புக்கு எடுத்துப் போனேன். ஸ்கேனர் போட்டார்கள். பி0300 என்ற பழுது எண் வந்தது; இதைத்தான் கோடு (code) என்பார்கள். "பெட்ரோல் சரியில்லை சார், வேற பங்க்ல போடுங்க" என்று சொல்லி, கோடை அழித்துவிட்டு வண்டியைக் கொடுத்தார்கள். லைட் அணைந்திருந்தது, நானும் நம்பினேன். நான்கு நாளில் திரும்பி வந்தது. அடுத்த முறை பிளக் நான்கும் மாற்றினார்கள். மறுபடி கோடை அழித்தார்கள். ஒரு வாரம். அடுத்து நான்கு காயிலும் ஒரே நேரத்தில். அதன்பின் இன்ஜெக்டர் கழற்றிச் சுத்தம். அப்புறம் இன்னொரு செட் பிளக், இந்த முறை விலை கூடினது. ஒவ்வொரு முறையும் லைட் அணைந்த வண்டிதான் என் கைக்கு வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். என்னை ஏமாற்றியது பெரும்பாலும் இந்த அழிக்கிற வேலைதான்.

கோடு விழும் நொடியில் இன்ஜின் என்ன நிலையில் இருந்தது என்பதை இசியு சேமித்து வைக்கும். எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு லோடு, கூலன்ட் சூடு எவ்வளவு, வண்டி என்ன வேகம், எல்லாம் அதில் இருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். மிஸ்ஸிங்குக்குக் காரணம் தேடுகிறவருக்கு முதல் சாட்சி அதுதான். கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். ஐந்து முறை அழித்தார்கள், ஒரு முறைகூட அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டவில்லை. லைட் அணைந்து வந்தால் பழுது போய்விட்டது என்று அர்த்தமில்லை. அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, இசியு தானே செய்யும் உள்சோதனைகள் முடிந்தனவா இல்லையா என்பதை, வண்டியில் செருகிக் கோடு படிக்கும் சாதாரண ஓபிடி ஸ்கேனரே பெரும்பாலான வண்டிகளில் காட்டும். வண்டியை எடுக்கும் அன்றே அதைப் பார்த்துவிடுங்கள்.

கோடு எண்ணையும் கவனிக்க வேண்டும். பி0301 முதல் பி0304 வரை வந்தால் முறையே ஒன்று முதல் நான்கு வரையான சிலிண்டர்களில் எது மிஸ் ஆகிறது என்று தெரியும். பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டர் காயிலை ஒன்றாவதுக்கு மாற்றி ஓட்டலாம். கோடு பி0301 ஆக மாறினால் காயில்தான். மாறாவிட்டால் அதேபோல் பிளக்கை, அப்புறம் இன்ஜெக்டரை இடம் மாற்றிப் பார்க்கலாம். புதுசாக எதையும் வாங்காமலே தெரிந்துவிடும். எனக்கு வந்ததோ பி0300, எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாமல் எல்லாவற்றிலும் சிதறி வருவது. நான்கு காயிலும் ஒரே வாரத்தில் ஒன்றாகக் கெடுவது அபூர்வம். அப்படிச் சிதறி வந்தால் நான்குக்கும் பொதுவாக இருப்பதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்: எரிபொருள் அழுத்தம், காற்று லீக், எர்த், கிராங்க் சிக்னல். என் வண்டியில் புதுசாக மாட்டிய ஒரே பொதுவான பொருள் அவர்கள் விற்ற பெட்டி.

பிளக்கைப் பார்த்ததைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பூஸ்ட் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அந்த அழுத்தத்தில் ஸ்பார்க் இடைவெளியைத் தாண்டக் கூடுதல் வோல்ட்டேஜ் வேண்டும். அதனால்தான் டியூன் செய்த வண்டிகளில் பிளக் கேப்பை (அந்த இடைவெளியை) குறைப்பார்கள். ஆனால் அவர்கள் இரண்டு முறை பிளக் மாற்றியும் கேப்பை அளக்கவே இல்லை. பிறகு அளந்தபோது 0.8 மில்லிமீட்டர், கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது.

பெட்டியைக் கழற்றிப் பார்க்கலாமா என்று மூன்றாவது தடவையே கேட்டேன். "பெட்டில பிரச்சனை வந்தா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது சார்" என்றார் ஷாப் உரிமையாளர். இது பொய். அதைவிட மோசமானது அடுத்துச் சொன்னது: "லைட் மின்னுறத கண்டுக்காதீங்க, டியூன் பண்ண வண்டில அப்படித்தான் இருக்கும்." மின்னும் லைட்டுக்கு ஒரே அர்த்தம்தான். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடந்துகொண்டிருக்கிறது என்று அது சொல்கிறது. எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் வழியாகப் போய்க் கன்வர்ட்டருக்குள் எரிந்தால், உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பாகம் உருகிவிடும். லைட் மின்னினால் ஆக்சிலேட்டரை உடனே குறைக்க வேண்டும். நான் அவர் பேச்சைக் கேட்டு ஒன்றரை மாதம் ஓட்டினேன்.

ஐந்தாவது மாதம் "ஹெட் கழட்டிப் பார்த்துடலாம், வால்வு போயிருக்கும்" என்றார்கள். ஹெட் என்பது சிலிண்டர்களின் மேல் மூடி. சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேட்டேன். எடுக்கவில்லை. வால்வு போனதா என்று பார்க்கப் பிளக்கைக் கழற்றிக் கேஜை வைத்தால் அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்ற வருகிறார்கள். மாற்றிய பழைய காயில்களைத் திருப்பிக் கேட்டேன், தூக்கிப் போட்டுவிட்டோம் என்றார்கள். அவை நல்ல காயில்கள் என்றுதான் இன்றும் நம்புகிறேன், நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தெரிந்தவர் மூலமாக ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். வயதானவர், டியூனிங் வேலை செய்கிறவர் இல்லை. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "கோடை அழிக்காத தம்பி, அப்படியே கொண்டா" என்றார். ஃப்ரீஸ் ஃப்ரேமைப் பார்த்தார். 3600 ஆர்பிஎம், ஏறக்குறைய முழு லோடு, இன்ஜின் நல்ல சூடு. பிறகு சிலிண்டர் வாரியாக மிஸ்ஃபயர் எண்ணிக்கையைப் பதிவு செய்யும்படி ஸ்கேனரை வைத்துக்கொண்டு, ஒரே மேடு, ஒரே கியர், ஒரே வேகத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஓட்டினார். இதுதான் முக்கியம். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றினார்.

எதையும் தொடாமல் முதல் ஓட்டத்தில் 140 மிஸ்ஃபயர், நான்கு சிலிண்டரிலும் கிட்டத்தட்ட சமமாக.

அடுத்து மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றைப் பெட்டியின் எர்த் வயரிலும் வைத்தார். இன்ஜின் ஓடும்போது இந்த இரண்டுக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றார். எங்களுக்கு அரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது, அதுவும் இன்ஜின் அதிர்வுக்கு ஏற்ப ஆடியது. எர்த் வயரைப் பெயின்ட் அடித்த ஒரு பிராக்கெட்டில் போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள், பெயின்ட்டைச் சுரண்டாமலே. தனியாக ஒரு வயரைப் பேட்டரிக்கு இழுத்து ஓட்டினோம். எண்ணிக்கை 90.

மூன்றாவதாகப் பெட்டியின் மெயின் கப்ளரைக் கழற்றி, பெட்டியோடு வந்த பைபாஸ் கேப் (cap) என்ற மூடியை மாட்டினார். சென்சார் சிக்னல் மாறாமல் நேராகப் போக வைப்பது இந்தக் கேப். அட்டைப்பெட்டிக்குள்ளேயே பிரிக்காமல் கிடந்தது. எண்ணிக்கை 4. எனக்குக் கை நடுங்கியது. ஐந்து மாதம் அலைந்தது ஒரு நிமிட வேலைக்கு.

நான் முடிந்தது என்றேன். அவர் விடவில்லை. "நாலு எங்கிருந்து வருது?" என்று கேட்டு, மேடு பள்ளத்தில் மட்டும் அது வருவதைப் பதிவில் காட்டினார். கிராங்க் சென்சார் வயரைத் தேடினால், வெட்டிய முனைகளை வெறுமனே பின்னி டேப் சுற்றியிருந்தார்கள். எக்ஸாஸ்ட் சூட்டில் டேப்பின் பசை உருகி வழிந்திருந்தது, செம்பு பச்சை பூத்திருந்தது. வயரைச் சுற்றி இரைச்சலைத் தடுக்கப் போட்டிருக்கும் உறையையும் வெட்டி அப்படியே விட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சுத்தம் செய்து, பழையபடி இணைத்து, ஈய பற்று வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, உறையையும் சேர்த்தார். 0. மறுபடி இரண்டு முறை ஓட்டினோம், 0.

கிராங்க் சிக்னல் ஏன் இவ்வளவு தொல்லை கொடுத்தது என்று அவர் விளக்கியது இது. பல வண்டிகளில் கிராங்க் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம், அதில் 2 இருக்காது. 3500 ஆர்பிஎம்மில் சென்சார் நொடிக்கு மூவாயிரத்துக்கும் அதிகமான துடிப்புகளை அனுப்புகிறது. எப்போது ஸ்பார்க் என்பதை இசியு அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. மிஸ்ஃபயரையும் அதே பல்லை வைத்துத்தான் எண்ணுகிறது: ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அந்த அரைச் சுற்றில் கிராங்க் லேசாக மெதுவாகும், பற்களுக்கு இடையிலான நேரம் நீளும். நடுவில் ஒரு பெட்டி அந்த நேரத்தைத் தாறுமாறாக மாற்றினால், நடக்காத மிஸ்ஃபயரும் கணக்கில் ஏறும், ஸ்பார்க் தப்பான நேரத்தில் விழுந்து நிஜ மிஸ்ஃபயரும் வரும். இந்த நிலையில் எத்தனை காயில் மாற்றினாலும் ஒன்றும் ஆகாது.

இசியு எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று சொல்லும் ஃபியூயல் டிரிம்மையும் காட்டினார். பெட்டி இருந்தபோது 17 சதவீதம் கூட்டி எரிபொருள் விட்டுக்கொண்டிருந்த இசியு, பெட்டி போன பிறகு சில நாள் ஓட்டத்தில் 3க்கு இறங்கியது. பத்தைத் தாண்டினாலே ஏன் என்று கேட்க வேண்டிய எண் அது.

கம்ப்ரஷன் நான்கிலும் சமமாக, நன்றாக இருந்தது. வால்வுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆயில் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை வந்ததால் ஆயிலும் ஃபில்டரும் உடனே மாற்றினோம். கன்வர்ட்டர்தான் தப்பவில்லை. கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்னும் பி0420 கோடு வந்தது, கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு பக்கம் உருகி அடைத்திருந்தது.

எல்லாப் பதிவையும் எடுத்துக்கொண்டு அந்த ஷாப்புக்குப் போனேன். வேறு ஆள் கை வைத்துவிட்டதால் வாரண்டி கிடையாது என்றார் உரிமையாளர். வெட்டிய வயரின் படத்தைக் காட்டியபோது பேச்சை மாற்றினார். கன்வர்ட்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெட்டிக்குப் புது மேப் (புது செட்டிங்) இலவசமாக ஏற்றித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்று வந்துவிட்டேன். வாய்மொழியாகவே எல்லா வேலையும் கொடுத்திருந்ததால் மேற்கொண்டு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. எந்த வயரை வெட்டுகிறார்கள், எங்கே எர்த் கொடுக்கிறார்கள், பழைய பாகம் யாருக்கு, மிஸ்ஸிங் வந்தால் முதலில் பெட்டியை விலக்கிச் சோதிப்பார்களா, இவ்வளவையும் மாட்டுவதற்கு முன்பே எழுதி வாங்கியிருக்க வேண்டும். வெட்டிய இடங்களைப் படமும் எடுத்திருக்க வேண்டும்.

பெட்டி இப்போது வீட்டு அலமாரியில் இருக்கிறது. பாதி விலைக்காவது விற்றுவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். விற்கவில்லை. வாங்குகிறவர் அதை மாட்ட இன்னொரு வண்டியின் கிராங்க் வயரை வெட்டத்தான் வேண்டும்.