4000/8000 கல்லு: கத்தி தீட்டுறத விட கல்ல தேய்க்கிறதுதான் ஜாஸ்தி

4000/8000 காம்போ கல்லு (ஒரே தீட்டுக்கல்லு, ஒரு பக்கம் 4000 கிரிட், மறுபக்கம் 8000, நம்பர் ஏற ஏற நைசு) ஆஃபர்ல வந்திருக்கு, சவரக்கத்திக்கு வாங்கலாமாடான்னு ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டிருந்தான். வாட்ஸப்ல ரெண்டு வரில சொல்ற விஷயமில்ல, அதான் இங்க எழுதுறேன். கம்பெனி பேரு வேணாம், எனக்கு வந்த பீஸ் அப்படி இருந்திருக்கலாம்.

நல்லத மொதல்ல சொல்லிடுறேன். கல்லு வேகமா வேலை பாக்குது. 1000 கிரிட் கல்லுல பெவல் (கூர் பக்கம் இருக்க சரிவு) ஒழுங்கா செட் ஆயிருந்தா, 4000 பக்கம் வெச்சு கொஞ்ச நேரம் இழுத்தாலே பழைய கோடெல்லாம் மறைய ஆரம்பிச்சிடும், அப்புறம் 8000, அப்புறம் தோல் வார்ல நல்லா இழுத்துட்டு ஷேவ் பண்ணா கன்னத்துல குறையே சொல்ல முடியாது. தாடைக்கு கீழ மட்டும் லேசா உறுத்தும், அதுக்குத்தான் 12000 வாங்கு 12000 வாங்குன்னு எல்லாரும் சொல்றாங்க. கோணத்த நெனச்சும் பயப்பட வேணாம், சமையல் கத்தில பண்ற மாதிரி கையால கோணம் புடிச்சு நடுங்க வேண்டியதில்ல, முதுகும் கூரும் ஒண்ணா கல்லுல படுற மாதிரி படுக்க வெச்சா போதும், கோணம் தானா வந்துடும்.

ஆனா வில்லங்கமே அங்கதான். கத்தி மொத்தமா கல்லு மேல படுத்துக்குது, அதனால கல்லு எப்படி இருக்கோ கத்தியும் அப்படித்தான் ஆகும். 4000 பக்கம் இருக்கே, அது சாஃப்ட். நடுவுல குழி விழுந்துக்கிட்டே இருக்கு, கண்ணுக்கு தெரியாது, ஷேவ் பண்ணும்போதுதான் தெரியும். கத்தியோட ரெண்டு ஓரமும் வழவழன்னு போகும், நடுப்பக்கம் முடிய புடிச்சு இழுக்கும். பெவல் மேல மார்க்கர்ல கருப்பு தடவிட்டு ஒரே ஒரு தடவ லேசா இழுத்துப் பாரு, ரெண்டு ஓரத்துல மை போயிருக்கும், நடுவுல அப்படியே இருக்கும்.

அப்ப என்ன பண்ணணும், கல்ல தேய்க்கணும். பென்சில்ல கட்டம் கட்டமா கோடு போட்டு, 325 கிரிட் டைமண்ட் பிளேட், அதாவது வைரத்தூள் பதிச்ச தட்டு மேல (அது தனிச் செலவு, ஆஃபர் போடுறவன் அத சொல்ல மாட்டான்) தண்ணி விட்டு தேய்க்கணும், கோடு மொத்தமா போற வரைக்கும். பிளேட் இல்லன்னா தடிமனான கண்ணாடி மேல வாட்டர் பேப்பர் ஒட்டியும் பண்ணலாம், பேப்பர் சீக்கிரம் மொட்டையாயிடும். புதுக் கல்லுன்னாலும் இதே கததான், டப்பால இருந்து எடுக்கும்போதே தட்டையா இல்ல. தேய்ச்சப்புறம் கல்லோட ஓரத்த மழுக்கி விடணும், இல்லன்னா கூருல பல்லு விழும். வாஷ்பேசின் பூரா சேறு, வீட்ல திட்டு. ஊறப்போட்ட கல்ல நிழல்லதான் காய வெக்கணும், நம்ம ஊரு மே மாச வெயில்ல மொட்டமாடில வெச்சா விரிசல் விட்டுடும்.

யார்கிட்டயாவது கேக்கலாம்னா ஊர்ல இப்ப கல்லு வெச்சிருக்க சலூன் எங்க இருக்கு, எல்லாரும் ஷேவிங் பிளேட பாதியா ஒடிச்சு ஹோல்டர்ல சொருகிக்கிறாங்க. எய்ட்ஸ் பயம் வந்ததுக்கப்புறம் அது ரொம்ப சரியான மாற்றம், அதுல குறை சொல்லல, தீட்டத் தெரிஞ்ச கைதான் காணாம போச்சு.

இதுக்கு நடுவுல பெல்ஜியம் கோட்டிக்யூல் ஒண்ணு வந்துச்சு. ஆர்டென் பகுதில வெட்டியெடுக்கிற மஞ்சக் கல்லு, மெல்லிசா இருக்கும், ஒடைஞ்சிடக் கூடாதுன்னு அடில ஸ்லேட் ஒட்டித்தான் பெரும்பாலும் விக்கிறாங்க. உள்ள வெட்டுற வேலைய பாக்குறது பொடிப்பொடியா இருக்க கார்னெட்ங்கற கடினமான தாது. ஊறப்போட வேணாம், சின்ன துண்டுக் கல்லால மேல உரசி பால் மாதிரி கரைசல் வரவெச்சா வெட்டும், அப்படியே சொட்டு சொட்டா தண்ணி விட்டு நீர்க்க வெச்சுக்கிட்டே போனா அதே கல்லு ஃபினிஷரா, அதாவது கடைசியா நைசாக்குற கல்லா மாறிடும். குழி விழுறது ரொம்ப ரொம்ப கம்மி. ஷேவ் எப்படின்னா, 8000 அளவுக்கு பளிச்னு வெட்டுற உணர்வு இல்ல, ஆனா எரிச்சல் சுத்தமா இல்ல, ஆஃப்டர்ஷேவ் போட்டா கூட சும்மா இருக்கு. இத நான் எதிர்பாக்கவே இல்ல.

நியாயமா சொன்னா புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு காம்போதான் சரி. கோட்டிக்யூலுக்கு கிரிட் நம்பரே கெடையாது, ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு குணம், எப்ப தண்ணி விடணும்னு கை பழகறதுக்குள்ள வெறுத்துடுவ, காசும் ஜாஸ்தி. காம்போ சொன்னபடி கேக்கும், வேகம், விலையும் பரவால்ல.

ஆனா இன்னிக்கு காலைல மறுபடி அந்த 4000 பக்கத்த தேய்ச்சுட்டு வந்து உக்காந்து டைப் பண்றேன், கையெல்லாம் வலிக்குது, அதனால வாங்காத. ஆஃபரும் வேணாம் ஒண்ணும் வேணாம். இல்ல வாங்கியே தீருவேன்னா என்னோடத எடுத்துக்க, பாதி விலைக்கு தரேன். தேய்ச்சு தட்டையாக்கிக் குடுன்னு மட்டும் கேக்காத.