தசை வளர்க்கத் தனிப்பயிற்சியாளர் தேவையா? 22 மாத அனுபவம்

தனிப்பயிற்சியாளர் ஒருவரை அமர்த்திக்கொள்ளலாமா, வேண்டாமா என்று எட்டு மாதங்கள் யோசித்துக்கொண்டே இருந்தேன். அதன்பின் ஒரு மாதம் ஒருவரிடமும், ஆறு மாதங்கள் வேறொருவரிடமும் பயின்றேன். கடந்த ஏழு மாதங்களாகப் பெரும்பாலும் தனியாகவே பயிற்சி செய்துவருகிறேன். ஆக, இது 22 மாதங்களின் கணக்கு. தொடங்கும்போது எனக்கு வயது 39, உடல் எடை 63 கிலோ. தசையைக் கூட்டுவது ஒன்றே நோக்கம். உடல் எடையைக் குறைக்கவோ போட்டிக்குத் தயாராகவோ நினைப்பவர்களுக்கு நான் சொல்வதில் பாதிதான் பொருந்தும்.

முதல் எட்டு மாதங்களில் நான் சோம்பியிருக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாரம் மூன்று நாள் தவறாமல் ஜிம்முக்குப் போனேன். முதல் இரண்டு மாதங்களில் தூக்கும் பளு மளமளவென்று ஏறியது. அதைத் தசை வளர்ச்சி என்றே நம்பி மகிழ்ந்தேன். புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் சில வாரங்களில் கூடும் வலிமையில் பெரும்பங்கு, இருக்கிற தசையை நரம்பு மண்டலம் திறமையாக இயக்கப் பழகுவதால் வருவது. தசை தடிப்பது அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் வரும். மொரிடானி, டிவ்ரீஸ் என்ற ஆய்வாளர்கள் 1979-லேயே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். எனக்கு அது தெரியாததால், மூன்றாவது மாதம் ஏற்றம் நின்றவுடன் பயிற்சித் திட்டத்தின் மீது பழியைப் போட்டு மூன்று வாரத்துக்கு ஒரு திட்டமாக மாற்றிக்கொண்டிருந்தேன். தோளில் பளுவைத் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்க்வாட் 50 கிலோவில் நின்றது, நின்றபடியே இருந்தது. கையின் சுற்றளவும் அசையவில்லை.

அந்த நிலையில்தான் தனிப்பயிற்சியாளரைப் பற்றி யோசித்தேன். ஆனால் அதற்கு நான் வைத்திருந்த காரணங்கள் பிழையானவை. எனக்குத் தெரியாத சிறப்பு உடற்பயிற்சிகள் அவருக்குத் தெரிந்திருக்கும் என்றும், அருகில் நின்று ஊக்கப்படுத்த ஓர் ஆள் தேவை என்றும் எண்ணினேன். இந்த இரண்டையும் எதிர்பார்த்துப் போனதால், இந்த இரண்டை மட்டுமே விற்கிற ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

அந்த முதல் மாதத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாளுக்கு ஒரு புதிய பயிற்சி; எதையும் குறித்துவைக்கும் வழக்கம் இல்லை; ஒரு கண் கைப்பேசியில், வாய் மட்டும் "எட்டு, ஒன்பது, பத்து" என்று எண்ணிக்கொண்டிருக்கும். முதல் நாளிலேயே நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து எழ வைத்ததில் நான்கு நாள்கள் மாடிப்படி இறங்க முடியவில்லை. அதைத் தன் பயிற்சியின் தரத்துக்குச் சான்றாக அவர் எடுத்துக்கொண்டார். பழகாத உடலுக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி கூடுவது இயல்புதான். ஆனால் வலியின் அளவு தசை வளர்ச்சியின் அளவு ஆகாது. முதல் நாளிலேயே எல்லை மீறிக் கசக்கினால் தசைநார்கள் சிதைந்து, அவற்றிலிருந்து வெளியேறும் பொருள்கள் சிறுநீரகத்தைத் தாக்கும் ராப்டோமயோலிசிஸ் என்ற ஆபத்தான நிலையும் ஏற்படக்கூடும். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. அவரிடம் சான்றிதழ் இல்லாமலும் இல்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். மாதம் முடிந்ததும் விலகிக்கொண்டேன்.

இரண்டாவது பயிற்சியாளரை ஓர் உறவினர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஜிம்மில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே அழைப்பார்கள். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். முதல் சந்திப்பில் அரை மணி நேரம் கேள்விகளிலேயே போனது. பழைய காயங்கள், மருந்துகள், தூக்கம், வேலையில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு பளு எதுவும் இல்லாமல் குனிய, உட்கார, கைகளைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லிப் பார்த்தார். கடைசியாக, மார்புத் தசைக்கான இயந்திரத்தில் நான் வழக்கமாக எந்தப் பளுவைப் பத்து முறை தள்ளுவேனோ அதையே வைத்து, முடியாமல் போகும்வரை தள்ளச் சொன்னார்.

பத்து வந்ததும் பழக்கத்தில் நிறுத்தினேன். "இன்னும் இருக்கு சார், நிறுத்தாதீங்க" என்றார். அதன்பின் ஏழு முறை தள்ளினேன். பதினேழாவது ரெப் (ஒரு முறை தள்ளுவது ஒரு ரெப்) நடுங்கியபடியே மேலே போனது. பதினெட்டாவது பாதியில் நின்றுவிட்டது. அவர் எதுவும் சொல்லாமல் 17 என்ற எண்ணை நோட்டில் எழுதி அதன் கீழ் ஒரு கோடு போட்டார். எட்டு மாதங்கள் நான் செய்த ஒவ்வொரு செட்டும், அதாவது இடைவிடாமல் செய்யும் ஒவ்வொரு சுற்றும், ஏழு ரெப் மிச்சம் இருக்கும்போதே முடிந்திருக்கிறது என்பதே அதன் பொருள். தனிப்பயிற்சியாளருக்கு நான் கொடுத்த மொத்தப் பணத்தில் பாதி அந்தப் பத்து நிமிடத்துக்கே தகும் என்று இன்றும் நினைக்கிறேன்.

இது என் தனிப்பட்ட குறை மட்டும் அன்று. புதிதாகப் பளு தூக்க வந்தவர்களிடம் பளுவைத் தாங்களே தேர்ந்தெடுக்கச் சொன்ன ஓர் ஆய்வு 2004-இல் வெளியானது. ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற உச்சப் பளுவில் 42 முதல் 57 விழுக்காட்டையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நம் எல்லோர் வாயிலும் வரும் "பத்து ரெப், மூன்று செட்" என்ற வாய்பாடும் இப்படித்தான் பாதியாகத் தேய்ந்துபோயிருக்கிறது. 1940-களில் காயமுற்ற படைவீரர்களுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், பத்து முறை தூக்க முடிந்து பதினொன்றாவது முறை முடியாமல் போகிற பளுவையே அளவுகோலாகக் கொண்டார். 1948-இல் அவர் வாட்கின்ஸ் என்ற மருத்துவருடன் வகுத்த மூன்று செட்டுகளும் அந்தப் பளுவின் பாதி, முக்கால், முழுமை என்று ஏறுபவை. நாமோ பத்தை வைத்துக்கொண்டு பதினொன்றை மறந்துவிட்டோம்.

செட்டின் கடைசிச் சில ரெப்புகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை மாஸ்டர் எளிமையாக விளக்கினார். இலேசான வேலைக்கு உடல் தன் தசைநார்களில் ஒரு பகுதியை மட்டும் அழைக்கிறது. களைப்பு ஏறி, பளுவின் வேகம் நம் விருப்பமின்றியே குறையத் தொடங்கும்போதுதான் வளரும் திறன் மிகுந்த பெரிய தசைநார்களும் வேலைக்கு வருகின்றன. அதனால்தான் ஐந்து ரெப்பில் முடிகிற கனத்த பளுவும் சரி, முப்பது ரெப் வரை இழுக்கும் இலேசான பளுவும் சரி, எல்லைக்கு அருகே போனால் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தசையை வளர்க்க முடிகிறது. முழுதாக முடியாமல் போகும்வரை ஒவ்வொரு செட்டிலும் போக வேண்டிய தேவையும் இல்லை; ஒன்றிலிருந்து மூன்று ரெப் மிச்சம் வைத்து நிறுத்தினால் போதும். ஆனால் மிச்சம் மூன்றா, ஏழா என்பதை உள்ளிருந்து கணிக்கத் தெரிய வேண்டும்.

அடுத்த ஆறு மாதங்களும் வாரம் இரண்டு முறை அவர் சொல்லிக்கொடுத்தது உண்மையில் அந்தக் கணிப்பைத்தான். ஒவ்வொரு கடைசிச் செட்டின் முடிவிலும் இன்னும் எத்தனை வரும் என்று நான் சொல்ல வேண்டும். பாதுகாப்பான இயந்திரமாக இருந்தால் தொடர்ந்து செய்து சரிபார்ப்போம். தொடக்கத்தில் ஐந்து, ஆறு என்று பிசகியது. மூன்றாவது மாதம் பிசகு ஒன்றாகக் குறைந்தது. ஸ்க்வாட்டில் இந்தச் சோதனையை அவர் அனுமதிக்கவில்லை. தோளில் பளுவோடு எழ முடியாமல் போவது விளையாட்டல்ல. அங்கே குதிகால் தரையை விட்டு எழுவதையும், இறங்கும் ஆழம் ஒவ்வொரு ரெப்பிலும் மாறுவதையும் என் கைப்பேசியிலேயே படம்பிடித்துக் காட்டினார். கால்களைச் சற்று அகட்டி வைத்ததில் முதல் குறை தீர்ந்தது. இரண்டாவது தீர இரண்டு மாதம் பிடித்தது, அதற்காகப் பளுவை 40 கிலோவுக்கு இறக்க வேண்டியிருந்தது. என் தன்மானத்துக்கு அது நல்ல பயிற்சி.

ஆறு மாத முடிவில் ஸ்க்வாட்டில் 80 கிலோவை ஆறு முறை செய்ய முடிந்தது. உடல் எடை 67 கிலோ ஆயிற்று. மேற்கையின் சுற்றளவு 30 சென்டிமீட்டரிலிருந்து 32 ஆகவும், தொடையின் சுற்றளவு 51-லிருந்து 54 ஆகவும் கூடின. கூடிய நான்கு கிலோவும் தசையே என்று நான் சொல்ல மாட்டேன். ஜிம்மில் இருந்த உடல் அமைப்பை அளக்கும் கருவி, தண்ணீர் குடித்ததற்கும் குடிக்காததற்கும் வேறு வேறு எண் காட்டியதால் அதை நம்புவதை விட்டு அளவு நாடாவையே நம்பினேன்.

இந்த வளர்ச்சி பயிற்சியாளர் இல்லாமலும் வந்திருக்காதா என்ற கேள்வி நியாயமானது. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், ஓரளவு பழகிய ஆண்களை இரு குழுவாகப் பிரித்து 12 வாரங்கள் ஒரே திட்டத்தைக் கொடுத்தார்கள். கண்காணிப்புடன் செய்த குழு பளுவை விரைவாக ஏற்றியது, ஸ்க்வாட்டிலும், படுத்தபடி பளுவை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸிலும் கூடுதல் வலிமை பெற்றது. திட்டம் ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். செலவுக்கு அஞ்சுபவர்களுக்குப் பயன்படக்கூடிய இன்னோர் ஆய்வு 2010-இல் வந்தது. அதில் ஐந்து பேருக்கு ஒரு பயிற்சியாளர் இருந்த குழு, இருபத்தைந்து பேருக்கு ஒருவர் இருந்த குழுவைவிட வலிமையில் நன்கு முன்னேறியது. எனவே ஒருவருக்கு ஒருவர் என்ற ஏற்பாடுதான் வேண்டும் என்பதில்லை; சிறு குழுவில் சேர்ந்தாலும் கண் நம்மீது விழும். எனக்கு அப்படி ஒரு குழு கிடைக்கவில்லை. மாதச் சந்தாவைப் போல மூன்று மடங்கு கட்டினேன்.

உணவுக்காக மட்டும் யாரும் தனிப்பயிற்சியாளரைத் தேட வேண்டாம் என்பது என் கருத்து. 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஆய்வு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் புரதத்துக்கு மேல் போனால் கூடுதல் பயன் பெரிதாக இல்லை என்று கண்டது. ஒரு வாரம் நானே எழுதிக் கணக்கிட்டதில், எனக்கு 100 கிராம் தேவைப்படும் இடத்தில் 60 கிராம்தான் போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு தராசும் பொறுமையும் போதுமாக இருந்தன. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

ஐந்தாவது மாதத்தில் மாஸ்டர் இரண்டு வாரம் ஊரில் இல்லை. அந்த இரண்டு வாரமும் நோட்டில் நானே எழுதிய எண்களைப் பார்த்தால், ஒவ்வொரு பயிற்சியிலும் இரண்டு மூன்று ரெப் குறைந்திருந்தது. செட்டுகளுக்கு இடையே இரண்டு மூன்று நிமிடம் ஓய்வெடுக்க வேண்டிய இடத்தில் ஒரு நிமிடத்தில் அடுத்ததைத் தொடங்கியிருந்தேன். கணிக்கத் தெரிந்திருந்தும், கேட்க ஆள் இல்லாதபோது கணிப்பைக் கேட்டு நடக்கவில்லை. அவர் திரும்பி வந்ததும் இதைச் சொன்னேன். "அப்ப இனிமே நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும் சார், நான் எழுதல" என்றார். கடைசி ஆறு வாரங்கள் பளுவை நானே தீர்மானித்தேன்; நான் தவறினால் மட்டும் அவர் குறுக்கிட்டார். வருமானம் குறையும் என்று தெரிந்தும் அவர் அப்படிச் செய்ததை நான் சிறிதாக நினைக்கவில்லை.

யோசித்துக்கொண்டிருப்பவர் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். தானாக நிற்கும் பாதுகாப்பு உள்ள ஓர் இயந்திரத்தில், அனுபவமுள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, வழக்கமான பளுவை எல்லை வரை தள்ளிப் பாருங்கள். வழக்கத்தைவிட ஒன்றிரண்டு மட்டுமே கூடுதலாக வந்து, நோட்டிலும் மாதாமாதம் பளு ஏறியிருந்தால் உங்களுக்குப் பயிற்சியாளர் தேவையில்லை. அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். ஐந்துக்கு மேல் வந்தால் சில மாதங்களுக்கு ஒருவரை அமர்த்துவது வீணாகாது. பழைய காயம், மூட்டுக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம். மருத்துவரின் ஒப்புதலுக்குப் பிறகு நேரே தகுதியான பயிற்சியாளரிடம் போவதே முறை. அவரிடம் சான்றிதழையும் முதலுதவிப் பயிற்சியையும் கேட்பதோடு நிற்காமல், தற்போது பயிலும் ஒருவருடைய குறிப்பேட்டைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். குறிப்பேடே இல்லை என்றால் அங்கேயே நன்றி சொல்லி எழுந்துவிடலாம். எத்தனை மாதத்தில் தனியாகச் செய்ய முடியும் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு என் முதல் பயிற்சியாளர் சிரித்தார், இரண்டாமவர் ஆறு என்றார்.

இப்போது மாதம் ஒரு முறை மட்டும் மாஸ்டரிடம் போகிறேன். ஒவ்வொரு தசைக்கும் வாரத்துக்குப் பத்து செட் அளவில், இரண்டு நாளாகப் பிரித்துச் செய்கிறேன். ஏற்றம் முன்பைவிட மெதுவாகிவிட்டது. ஸ்க்வாட் ஏழு மாதத்தில் 80 கிலோவிலிருந்து 90-க்குத்தான் வந்திருக்கிறது. பழகப் பழக வேகம் குறைவது இயற்கை என்பதால் அதற்கு யாரையும் நொந்துகொள்ளவில்லை. போன மாதம், தரையிலிருந்து பளுவைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில் தோளுக்கு முன்னால் இடுப்பு எழுந்துவிடுகிறது என்று காட்டினார். நான் எடுத்த படங்களில் அது மூன்று வாரமாகவே தெரிகிறது, நான்தான் பார்க்கவில்லை. 100 கிலோவிலிருந்து 85-க்கு இறக்கியிருக்கிறேன். நேற்று 90.