உறை இல்லாமல் வந்த கடிதம்: செஞ்சிலுவைச் செய்திச் சேவை

எங்கள் குடும்பம், மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து, கேரளத்தின் குளத்துப்புழை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைத்தது. அண்ணனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததால் அவர் இலங்கை மலையகத்தின் அட்டனிலேயே தங்கிவிட்டார். 1996இல் கொழும்பில் கடை வேலையில் இருந்தபோது பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த முகாம், உயிரோடு இருக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று செங்கோட்டையில் ஒருவர் அம்மாவின் கம்மலை விற்ற பணத்தை வாங்கிப் போனார்; பிறகு அவரைக் காணவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு செஞ்சிலுவைத் தொண்டர் எங்கள் லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, வந்து ஒற்றைத் தாளை நீட்டினார். ஒட்டாத, யாரும் படிக்கக்கூடிய தாள். குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம். சிறை அதிகாரிகள் படித்துத்தான் அனுப்புவார்கள். "அம்மா, நான் இருக்கிறேன். கண்ணாடி உடைந்துவிட்டது" என்று அண்ணனின் கையெழுத்து. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த இரண்டு வரியை அன்று எத்தனை முறை படித்துக் காட்டினேனோ!

பதிலுக்கு அம்மா கேட்கச் சொன்ன முதல் கேள்வி, "அடித்தார்களா?" அதை எழுத முடியாது என்றார் தொண்டர். இடவப்பாதி மழையில் வெட்டு நின்றுபோனதையும், பசு கன்று போட்டதையும் எழுதினோம். தொண்டர் ஒரு பைசா வாங்கவில்லை.

கடிதத்தைவிடப் பெரிய காரியம் வேறொன்று நடந்திருக்கிறது என்பதை அண்ணன் விடுதலையான பிறகுதான் அறிந்தேன். சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் பிரதிநிதி காவலர் யாரும் இல்லாமல் அவரோடு தனியே பேசி, பெயரைப் பதிவு செய்துகொண்டார்; மறுபடி வந்து அதே பெயரைக் கேட்டு நேரில் பார்த்தார். வெளியாள் ஒருவரின் பதிவேட்டில் இருப்பவரைச் சத்தமில்லாமல் காணாமல் ஆக்குவது கடினம். தாளில் எழுத முடியாத அடியைப் பற்றி அண்ணன் அவரிடம்தான் சொன்னாராம்.

ஒரு விஷயத்தில் எனக்கு நெடுநாள் கோபம் இருந்தது. பார்த்த கொடுமையை இவர்கள் ஏன் பத்திரிகைக்குச் சொல்வதில்லை? அறிக்கையைச் சிறை வைத்திருப்பவர்களிடமே கொடுக்கிறார்கள். நாடுகளுக்கு இடையிலான போர் என்றால் போர்க் கைதிகளைப் பார்க்க இவர்களுக்கு 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை, 126ஆம் பிரிவில், உரிமை தருகிறது. இலங்கையில் நடந்தது போன்ற உள்நாட்டுப் போரில் அந்த உரிமை இல்லை. உதவ முன்வருகிறோம் என்று கேட்கலாம், அரசு மறுக்கலாம். இன்று வெளியே பேசினால் நாளை கதவு திறக்காது. அண்ணன் அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தவர் என்பதால் இப்போது ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த மறுக்கும் உரிமையை எந்த அரசுக்கும் விட்டுவைத்திருக்கக் கூடாது.

தாள் வர மாதங்கள் ஆகும். போர் நடக்கும் இடத்திலிருந்து வருகிறது, பொறுக்கத்தான் வேண்டும். காணாமல் போனவரைத் தேடச் சொல்லிச் செஞ்சிலுவையிடம் போகிறவர்கள் அவருடைய பெயர், பிறந்த ஊர், கடைசியாகப் பார்த்த இடம், தேதி எல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். தகப்பன் பெயரோடு தாத்தா பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அண்ணன் இருந்த கூடத்தில் அதே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள்.